செம்புக்குள் இருந்த காசுகள்

மழை பெய்து ஓய்ந்த காலை வேளையிலே நீர்வேலித் தோட்டங்களின் வரம்பு வழியாக நடப்பவர்கள் வாழைக் குலையைப் பார்ப்பார்கள். புகையிலைக் கன்றைப் பார்ப்பார்கள். என் அம்மப்பா மண்ணைப் பார்ப்பார். செம்மண்ணை மழை கழுவிவிட்டால், அதுவரை மண்ணோடு மண்ணாய்க் கிடந்த சின்னஞ்சிறு பச்சை வட்டமொன்று எங்கேனும் தலைகாட்டும். குனிந்து எடுத்து, வேட்டித் தலைப்பிலே முடிந்துகொண்டு வீட்டுக்கு வருவார். அவர் கல்லூரியிற் படித்தவர் அல்லர், தோட்டக்காரர். ஆயினும் பழங்காசைப் பற்றி இன்று நான் அறிந்தவற்றுள் மிக முக்கியமான ஒன்றை அவரிடமிருந்தே கற்றேன். கற்றது காலங்கடந்துதான்.

அவர் சேர்த்த காசுகள் ஒரு செப்புச் செம்பிலே இருந்தன. சென்ற நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அந்தச் செம்பை மீண்டும் திறக்க நேர்ந்தது. இலண்டனில் வாழும் என் சின்னம்மாவின் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். விடுமுறை நாட்களில் வயல்வெளிகளிலே உலோகம் தேடும் கருவியைப் பிடித்துக்கொண்டு நடப்பது அவனுக்கு அங்கே பொழுதுபோக்கு. நீண்ட கோலின் நுனியிலே ஒரு வட்டத் தட்டு. தரையோடு ஒட்டி அதனை அசைத்துக்கொண்டு போனால், மண்ணுக்குள்ளே உலோகம் இருக்கும் இடத்தில் காதிலே 'கீச்' என்று ஒலிக்கும். அவன் தன் கண்டெடுப்புகளிற் சிலவற்றை ஒரு பெட்டியிலே கொண்டுவந்திருந்தான்.

பெட்டியைத் திறந்தபோது என்னைக் கவர்ந்தவை காசுகள் அல்ல. அவற்றை இட்டிருந்த காகித உறைகளே. ஒவ்வோர் உறையிலும் எந்த வயல், எந்த நாள், எந்த மூலை, எவ்வளவு ஆழம், என்ன பதிவு எண் என்று எழுதப்பட்டிருந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்யும் திட்டமொன்று 1997 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதாம். இன்று அதன் பட்டியலிலே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. உறையொன்றைப் பிரித்து, விரல் நகமளவு தேய்ந்த செப்புக் காசொன்றை என் உள்ளங்கையில் வைத்தான். "உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் வழிவந்தவர்களின் காலத்துக் காசு அண்ணா. நாலாம் நூற்றாண்டு."

"இதன் உறவினர் இங்கேயும் உண்டு, தம்பி," என்றேன். அவன் நம்பவில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள கந்தரோடையிலே சேர் போல் பீரிஸ் அவர்கள் 1917 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆராய்ச்சி செய்தபோது, மிகப் பழைய முத்திரைக் காசுகளும், இலக்குமி உருவம் பொறித்த தகடுகளும், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்களும் கிடைத்தன. அவற்றோடு உரோமக் காசுகளும் கிடைத்தன. ஒரே பேரரசின் செப்புக் காசு, ஒன்று ஆங்கில நாட்டுக் கோதுமை வயலிலும் மற்றொன்று யாழ்ப்பாணத்துப் பனங்காணியிலும் கிடந்திருக்கிறது என்றால், இந்தச் சின்னஞ்சிறு குடாநாட்டின் பழந்துறைமுகங்களுக்கு எத்தனை கடல்களைக் கடந்து வணிகம் வந்திருக்கவேண்டும்!

அவன் வியப்போடு கேட்டான்: "அப்பிடியெண்டால் எங்கடை அம்மம்மாவின்ர செம்புக்குள்ளை என்ன இருக்குது?"

அன்று மாலை திண்ணையிலே பாய் விரித்து, வெள்ளைத் துணி பரப்பி, செம்பைக் கவிழ்த்தோம். அவனுடைய பிள்ளைகளும் என் மாணவர் இருவரும் சுற்றி அமர்ந்தார்கள்.

பழங்காசை அறிவதற்குப் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்று, சிறு தராசு ஒன்று, பக்கவாட்டில் விழும் வெளிச்சம், இவற்றுக்கு மேலாகப் பொறுமை. நேர் வெளிச்சத்தில் வழுக்கையாய்த் தோன்றும் காசு, மாலை வெயிலைச் சரிவாகப் பிடித்தால் எழுத்தைக் காட்டிவிடும். நாங்கள் முதலில் படிக்க முயலவில்லை, பிரித்தோம். தடித்தவை ஒருபுறம், மெல்லியவை ஒருபுறம். ஆண்டு பொறித்தவை ஒருபுறம், பொறியாதவை ஒருபுறம்.

எளிதில் அடையாளம் சொன்னவை ஒல்லாந்தக் காசுகள். ஏறக்குறைய மூன்று கிராம் எடை. ஒரு பக்கத்திலே ஆங்கில 'வி' எழுத்தின் இரு கரங்களிலும் 'ஓ'வும் 'சி'யும் கோத்த முத்திரை. அதன் கீழே ஆண்டு. என் மாணவன் ஒருவன் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "சேர், வி.ஓ.சி. என்று இருக்கிறது. கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. அடித்த காசா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவன் முற்றிலும் தவறிவிடவில்லை. அதுவும் ஒரு கப்பற் கம்பனிதான். வ.உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியிலே சுதேசிக் கப்பற் கம்பனி தொடங்கியது 1906 ஆம் ஆண்டு. இதுவோ 1602 ஆம் ஆண்டு தோன்றிய ஒல்லாந்தரின் ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் அவர்கள். காசின் மறுபக்கத்தைப் பார்த்தால் அது ஒல்லாந்து நாட்டின் எந்த மாகாணத்தில் அடிக்கப்பட்டது என்றும் சொல்லிவிடலாம். முடிசூடிய கேடயத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் சிங்கம் ஒல்லாந்து மாகாணத்தது. அலைகளிலிருந்து எழும் சிங்கம் சீலாந்து மாகாணத்தது. அந்தச் சிங்கம் கடல் கடந்து வந்து, நீர்வேலித் தோட்டக்காரன் ஒருவனின் மடியிலிருந்து நழுவி, செம்மண்ணுக்குள்ளே நூற்றாண்டுகள் உறங்கியிருக்கிறது.

அடுத்தது யானை பொறித்த ஆங்கிலேயர் காலச் செப்புக் காசு. ஆண்டு 1815. இதனைக் கண்டதும் எனக்கு நகைப்பு வந்தது. நம் நாட்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்ட பொருளையே அது 'தொல்பொருள்' என்று கொள்கிறது. "அப்படியானால் இந்தக் காசு தொல்பொருளா, இல்லையா?" என்று தம்பி கேட்டான். "அது மார்ச் மாதத்துக்கு முன் அடித்ததா, பின் அடித்ததா என்று யானையைத்தான் கேட்கவேண்டும்," என்றேன்.

தடித்த காசுகளின் குவியலிலே பழைமை இன்னும் ஆழமாக இருந்தது. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவம். அதன் அருகே நாகரி எழுத்திலே அரசன் பெயர். கோடுகளால் ஆன அந்த உருவங்களைப் பிள்ளைகள் கண்டு, "பொம்மை" என்றார்கள். ஈழத்திலும் சோழ நாட்டிலும் வழங்கிய இவ்வகைக் காசை முதலாம் இராசராசனும் வெளியிட்டான். பின்னர் பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவும், அவனுக்குப் பின் வந்தவர்களும் அதே அச்சைப் பின்பற்றினார்கள். ஒரு காசிலே எழுத்தைக் கூட்டிப் படித்தபோது 'லீலாவதி' என்று வந்தது. 1197 ஆம் ஆண்டுக்கும் 1212 ஆம் ஆண்டுக்கும் இடையில் மூன்று முறை அரியணை ஏறி, மூன்று முறையும் அதனை இழந்த அரசி அவள். தம்பியின் மகள் அதனை வாங்கி நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். அரசர்களின் காசுகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் பெயரைக் கண்டதில் அவளுக்குப் பெருமை.

காசுகள் பெயர் சொல்லச் சொல்ல, திண்ணையிலே மகிழ்ச்சி பெருகியது. எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனெனில் லீலாவதியின் காசு பளபளவென்று இருந்தது. எண்ணூறு ஆண்டு மண்ணிலே கிடந்த செப்புக்கு அந்தப் பளபளப்பு இயல்பானது அன்று. அது என் கைவேலை.

அப்போது எனக்கு வயது பத்து. வெள்ளிக்கிழமைதோறும் அம்மம்மா குத்துவிளக்கையும் செம்புகளையும் புளியிட்டு விளக்குவார். அவை பொன்போல் மின்னுவதைக் கண்ட எனக்கு அம்மப்பாவின் காசுகளையும் மின்னச் செய்யவேண்டும் என்று ஆசை பிறந்தது. ஒருநாள் அவர் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் செம்பைக் கவிழ்த்தேன். காசுகள் தனித்தனியே துணித் துண்டுகளில் முடியப்பட்டிருந்தன. ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்திலே கிழித்த காகித நறுக்கு ஒன்று. பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. நான் முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்தேன். நறுக்குகளை அடுப்பிலே போட்டேன். காசுகளைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்தேயென்று தேய்த்தேன். சில காசுகளில் பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விட்டது. செப்பின் மேலே படியும் அந்தப் பச்சைப் படலம் அழுக்கன்று. பல வேளைகளில் எழுத்தைத் தாங்கி நிற்பதே அதுதான் என்பதை அன்று யார் எனக்குச் சொல்வார்?

மாலையில் அம்மப்பா வந்தார். மின்னிய காசுகளைப் பார்த்தார், அடுப்பங்கரையைப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. காசுகளைச் செம்பிலே அள்ளிப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குக் கைகால் கழுவப் போனார். அதன் பிறகு மழை ஓய்ந்த காலைகளில் அவர் குனிந்ததை நான் கண்டதில்லை. 1992 ஆம் ஆண்டு காலமானார்.

மேலும் மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1995 ஒக்டோபரிலே போர் எங்கள் ஊரை நெருங்கியபோது, புறப்படுவதற்கு முந்திய இரவு அம்மம்மா அந்தச் செம்பின் வாயைத் தகரத்தால் மூடி, மண்வெட்டியை என் கையிலே தந்தார். கிணற்றுக் கட்டிலிருந்து வேலிப் பக்கமாகப் பதினொரு காலடி அளந்து நடந்து, "இதிலே வெட்டு," என்றார். வெட்டிப் புதைத்தோம். உறவினர் வீட்டிலே சில நாள் ஒதுங்கியிருந்து, ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்தபோது, மழையிலும் இருளிலும் நாவற்குழிப் பாலத்தை இலட்சக்கணக்கானோரோடு நாங்களும் கடந்தோம்.

அடுத்த ஆண்டு திரும்பியபோது வேலி இல்லை, முருங்கை இல்லை, வீட்டின் கூரை இல்லை. நான் அங்கும் இங்குமாகத் திகைத்து நின்றேன். அம்மம்மா திகைக்கவில்லை. கிணறு இருந்தது. அதன் கட்டிலே குதிக்காலை வைத்துப் பதினொரு காலடி நடந்தார். நின்ற இடத்திலே வெட்டினோம், செம்பு கிடைத்தது. கருவி எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இடம் மனத்திலே இருந்தது. ஆகையால் பொருள் கையிலே வந்தது.

இந்தக் கதையைத் திண்ணையிலே சொல்லி முடித்தபோது, செம்பைத் துழாவிக்கொண்டிருந்த தம்பியின் மகன், "பெரியப்பா, இதுக்குள்ளே இன்னொன்று ஒட்டியிருக்குது," என்றான். செம்பின் கழுத்து வளைவிலே, களிம்போடு ஒட்டிக் கறுத்துப்போய், ஒரு துணி முடிச்சு! பத்து வயதில் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்தவன் நான் என்றே எண்ணியிருந்தேன். இறுகி ஒட்டிக்கொண்ட இந்த ஒன்று என் கைக்குத் தப்பியிருக்கிறது.

ஊசி முனையால் மெல்ல அவிழ்த்தேன். பச்சை படர்ந்த காசு. அதைச் சுற்றிக் காகித நறுக்கு. அம்மப்பாவின் கையெழுத்து: "மேலைத் தோட்டம். வடக்கு மூலை. வாழைக் கிடங்கு வெட்டியது. ஒரு முழம். பானை ஓடும் கிடந்தது."

காசைச் சாய்வெயிலிலே பிடித்தோம். படுத்திருக்கும் எருது, அதன் மேலே பிறை, கீழே தமிழிலே இரண்டு எழுத்து: 'சேது'.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய காசு அது. ஒருகாலத்தில் அறிஞர்கள் இதனை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசு என்றே எண்ணினார்கள். நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும், அது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு என்று எடுத்துக்காட்டினார்கள். 'சேதுகாவலர்' என்பது அம்மன்னர்களின் விருது. நந்தி அவர்களின் இலச்சினை. அக்காசுகள் மிகுதியாகக் கிடைப்பதும் இந்த மண்ணிலேதான். 1619 ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த ஓர் அரசு, தன் காசுகளையும் அயலாருக்குக் கொடுத்துவிட்டுப் பெயரற்றுப் போக இருந்தது. அதனை மீட்டுக்கொடுத்த சான்றுகளுள் ஒன்று, காசு எங்கே கிடைக்கிறது என்ற எளிய செய்தி.

இடத்தின் வலிமைக்கு ஆனைக்கோட்டை மற்றோர் எடுத்துக்காட்டு. 1980 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரையொன்று கிடைத்தது. 'கோவேத' என்று படித்தார்கள். அது ஈமக்குழியிலே, இறந்தவனின் எலும்புக் கூட்டோடு இருந்தபடியே கண்டறியப்பட்டமையால் அதன் உரிமையாளன் தலைமை பெற்ற ஒருவனாக இருந்திருக்கலாம் என்று பேச முடிகிறது. அதே முத்திரையை ஒருவர் தனியே பொறுக்கிச் சட்டைப் பையிலே போட்டிருந்தால், அது வேடிக்கைப் பொருளாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

தம்பியின் கண்கள் மின்னின. "அண்ணா, ஓடும் கிடந்தது என்று எழுதியிருக்கிறார். அந்த வடக்கு மூலையிலே ஒருக்கால் கருவியை வைத்துப் பார்த்தால்…"

ஒருகணம் எனக்கும் மனம் தடுமாறியது. எங்கள் காணி, எங்கள் அம்மப்பாவின் குறிப்பு. ஆனால் தொல்பொருள் தேடும் நோக்கத்தோடு அகழ்வதற்கு உத்தரவுப்பத்திரம் வேண்டும். சொந்தக் காணியாயினும் வேண்டும் என்பது சட்டம். அதனைச் சொன்னேன். அப்போது பக்கத்து வீட்டு முதியவர், "தம்பி, அந்தக் கருவியை இங்கே கொண்டு வராதை. அதைக் கண்டால் எனக்கு இன்னும் கால் எழும்பாது," என்றார். அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. இலண்டனிலே பொழுதுபோக்கான அந்தக் கருவி யாழ்ப்பாணத்துக்கு வந்தது கண்ணிவெடி தேடுவதற்காக. ஹலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்களின் பணியாளர்கள், 2002 ஆம் ஆண்டு முதல், குடாநாட்டின் காணிகளிலே முழந்தாளிட்டு அதனைப் பிடித்திருக்கிறார்கள். ஒலி கேட்டால் அவர்கள் தோண்டுவதில்லை, நிற்பார்கள். இடத்தைக் குறிப்பார்கள். பக்கவாட்டிலிருந்து மண்ணை மெல்லச் சுரண்டுவார்கள். கிடைப்பது பெரும்பாலும் ஆணியும் தகரமும்தான். ஆயினும் ஒவ்வோர் ஒலிக்கும் அதே பொறுமை. ஒலி கேட்டதும் கை நிற்கவேண்டும் என்ற பாடத்தை நம் மக்கள் உயிரைக் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள்.

தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தான். பின்பு அவனே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னான். 1992 நவம்பரிலே இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹொக்ஸ்ன் என்ற ஊரில், ஒருவர் தன் நண்பரான கமக்காரர் தொலைத்த சுத்தியலைத் தேடுவதற்குக் கருவியோடு போனாராம். கிடைத்தது உரோமர் காலப் புதையல். காசுகள் மட்டும் ஏறக்குறைய 15,000. அவர் சிறிது தோண்டியதும் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்கு அறிவித்தார். ஆராய்ச்சியாளர் வந்து முறைப்படி அகழ்ந்தமையால், புதையல் ஒரு மரப் பெட்டிக்குள்ளே எவ்வாறு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதுகூடத் தெரியவந்தது. சுத்தியலும் அகப்பட்டது, அதுவும் இன்று பிரித்தானிய அரும்பொருட் காட்சிச்சாலையிலே இருக்கிறது. "அந்த மனிதரை நாங்கள் எல்லோரும் மதிப்பது கண்டெடுத்ததற்காக அல்ல, அண்ணா, நிறுத்தியதற்காக," என்றான்.

வடக்கு மூலையை நாங்கள் தொடவில்லை. மறுவாரம் அந்தக் காசையும் நறுக்கையும், செம்பிலுள்ள ஏனைய காசுகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு உரிய அலுவலரிடம் சென்று தெரிவித்தோம். பட்டியலிலே நாற்பத்திரண்டு காசுகள். நாற்பத்தொன்றுக்கு நேரே 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு கோடும் நான் அடுப்பிலே போட்ட ஒரு நறுக்கு. லீலாவதியின் காசு எந்தத் தோட்டத்தில் கிடந்தது? அதனோடு என்ன கிடந்தது? அதனை அறிந்திருந்தவர் ஒருவர். அவர் எழுதியும் வைத்திருந்தார்.

மாணவர்களுக்கு நான் இப்பொழுது சொல்வது இதுதான். மழைக்குப் பின் வரம்பிலே பழங்காசு ஒன்று கண்ணிற் பட்டால் தேடித் தோண்டாதீர்கள். புளி, எலுமிச்சை, சவர்க்காரத் தூள் எதனாலும் தேய்க்காதீர்கள். எங்கே, எந்த நாள், எவ்வளவு ஆழம், பக்கத்திலே என்ன கிடந்தது என்று அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அதன் பின்னர் பெரியவர்களிடமும் தொல்பொருட் திணைக்களத்தாரிடமும் தெரிவியுங்கள். அரசன் பெயரை அறிஞர் எவரும் பின்னொரு நாளிலே படித்துச் சொல்லிவிடலாம். இடத்தை மட்டும் கண்டெடுத்தவரைத் தவிர வேறெவரும் சொல்லமுடியாது.

தம்பி புறப்படும் நாளிலே கிணற்றடிக்குப் போனான். கட்டிலே குதிக்காலை வைத்து, வேலிப் பக்கமாக எண்ணி நடந்தான். அவனுடைய மகளும் பின்னாலே எண்ணிக்கொண்டு நடந்தாள். அவளுடைய சின்னக் கால்களுக்கு அந்த இடம் பதினெட்டுக் காலடியில் வந்தது. "எழுதி வை," என்றான் தகப்பன். அவள் எழுதிக்கொண்டாள்.